வயிற்று வலியெல்லாம் வாயு அல்ல

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் தங்கள் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. இனி உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் ஓதி வந்தவன். ஆயினும் நோயுற்றோரைச் சென்று காண்பது இப்பணியின் ஓர் அங்கமாதலால், மருத்துவமனைக் கட்டில்களின் அருகே பல மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். மருத்துவர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அக்கட்டில்களின் அருகே உறவினர்கள் வாயிலாக நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "வாயுத் தொல்லைதான் என்று இருந்துவிட்டோம் ஹஜ்ரத்" என்பதே அச்சொல்.

வாயு என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. நெஞ்சுவலி கூட அதில் ஒளிந்துகொள்வதை நாம் அறிவோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அடிவயிற்றில் ஒளியும் ஒரு நோயை. மருத்துவர்கள் அதனை டைவர்ட்டிகுலைட்டிஸ் என்கிறார்கள். பெயர் நாவில் புரள மறுக்கிறது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பெருங்குடலின் சுவரில் தோன்றும் சிறு பைகள் வீங்கிப் புண்ணாவதே அதன் பொருள்.

குடலில் பை தோன்றுவது எவ்வாறு?

நாம் உண்ணும் உணவு சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுடையது. அது வயிற்றின் வலது அடிப்பக்கத்தில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கமாக இறங்கி, முடிவில் ஒரு வளைவுடன் மலக்குடலில் சேர்கிறது. அந்தக் கடைசி வளைவுக்குச் சிக்மாய்டு என்று பெயர். உணவின் சக்கையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வதும், எஞ்சியதைத் தள்ளி வெளியேற்றுவதும் பெருங்குடலின் வேலை.

பழைய சைக்கிள் டயரைப் பார்த்திருப்பீர்கள். நூல் விட்டுப்போன இடத்தில் உள்ளேயிருக்கும் டியூப் சிறு கொப்புளம் போலப் பிதுங்கி நிற்கும். பெருங்குடலிலும் அத்தகையதே நிகழ்கிறது. குடலின் தசைச் சுவரை இரத்தக் குழாய்கள் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும் இடங்கள் இயல்பிலேயே வலுக்குறைந்தவை. சக்கை வறண்டு இறுகி, அதைத் தள்ளுவதற்குக் குடல் மிகுந்த அழுத்தம் கொடுக்க நேரிடும்போது, உள்தோல் அந்த இடங்களின் வழியே வெளிப்புறமாகப் பிதுங்குகிறது. பெரும்பாலான பைகள் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு, சிலருக்குப் பல.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பை இருப்பது வேறு. பை புண்ணாவது வேறு. வயது ஏற ஏறப் பலருக்கும் இப்பைகள் தோன்றிவிடுகின்றன. மேலை நாடுகளில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்பைகளோடேயே, அவை இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். பை உடையோரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அது புண்ணாகி நோயாகிறது என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் அறிக்கையில் இப்பெயரைக் கண்டவுடன் உறக்கம் இழக்க வேண்டாம்.

ஆனால் புண்ணாகும்போது அது யாரையும் விட்டுவைப்பதில்லை. உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் தலைவராயிருந்த போப் பிரான்சிஸ் அவர்களுக்கு, 2021 ஜூலை 4 அன்று, ரோம் நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் பெருங்குடலின் இடப்பகுதியில் அறுவை செய்யப்பட்டது. இந்தப் பைகளின் காரணமாகக் குடல் சுருங்கிப் போனதே அதற்குக் காரணம். அப்போது அவருக்கு வயது 84. பத்து நாட்களில் மருத்துவமனையிலிருந்து திரும்பினார். 2025 ஏப்ரல் வரை வாழ்ந்தார். முதியவர் என்றாலும், உரிய நேரத்தில் கண்டறிந்தால் கரை சேர முடியும் என்பதற்கு இதைக் கூறினேன். முதியோருக்கு மட்டுமே உரிய நோய் என்று இளைஞர்கள் காதை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ஐம்பது வயதுக்கு உட்பட்டோரிடம், சிறப்பாக உடல் பருத்தோரிடம், இந்நோய் பெருகி வருவதாக மருத்துவ உலகம் கவலை கொள்கிறது.

அறிகுறிகள்

அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வலி தோன்றி, விட்டு விட்டு வராமல், ஒன்றிரண்டு நாட்கள் தொடர்ந்து நீடிப்பது முதல் அடையாளம். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் நோவு மிகும். காய்ச்சல் வரலாம். குமட்டல் வரலாம். மலம் இறுகலாம், சிலருக்கு மாறாக இளகிப் போகலாம். வீங்கிய குடல் சிறுநீர்ப்பைக்கு அருகே கிடப்பதால், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வும் எரிச்சலும் கூட ஏற்படுவதுண்டு.

வாயுவினால் வரும் வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும், காற்று வெளியேறினால் தணியும், காய்ச்சலைக் கொண்டுவராது. இந்நோயின் வலியோ ஓரிடத்தில் ஊன்றி நிற்கும். நடந்தால், இருமினால், வாகனம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் சுருக்கென்று குத்தும். வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அதனை வாயுவின் கணக்கில் எழுதக் கூடாது.

எல்லோருக்கும் இடப்பக்கமே வலிக்கும் என்பதும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்பைகள் பெரும்பாலும் இடப்பக்கத்தில் தோன்றுகின்றன. ஜப்பான், கொரியா முதலான கிழக்காசிய நாடுகளில் வலப்பக்கத்தில் தோன்றுவதே மிகுதி. வலப்பக்கத்தில் வரும்போது குடல்வால் அழற்சியைப் போலவே தோற்றம் காட்டும். தேர்ந்த மருத்துவர்களே ஸ்கேன் இல்லாமல் பிரித்தறியத் தயங்குவார்கள் என்றால், மருந்துக்கடை மேசைக்கு அப்பால் நிற்கும் தம்பி எவ்வாறு பிரித்தறிவார்?

தாய்மார்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். பெண்களுக்கு அடிவயிற்றில் வலி என்றால் கருப்பைக் கோளாறு, சிறுநீர்க் கடுப்பு என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர்களும் கூச்சத்தால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுகிறார்கள். மலம் கழித்தல் பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமல் இந்நோயைக் கண்டறிய இயலாது. பெண் மருத்துவரிடம் காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் பெண் மருத்துவர் வரும் நாளுக்காக வலியையும் காய்ச்சலையும் வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் காத்திருப்பது கூடாது. உயிருக்கு ஆபத்து நேரும் இடத்தில் எந்த மருத்துவர் கிடைக்கிறாரோ அவரிடம் காட்டுவதை நம் மார்க்கச் சட்டம் தடுக்கவில்லை என்பதை வீட்டு ஆண்களும் நினைவில் கொள்ளட்டும்.

முதியோர், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், மூச்சிரைப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோருக்கு நோய் முற்றிய பிறகும் காய்ச்சலும் கடும் வலியும் தெரியாமல் போகலாம். ஆகவே அவர்கள் "கொஞ்சம் வயிறு சரியில்லை" என்று சொன்னாலே அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். உணவை வெறுத்து, சோர்ந்து படுத்துக்கொள்ளும் வாப்பாவை "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

கீழ்க்காணும் நிலைகளில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வயிறு பலகை போல இறுகிப்போதல், நடுக்கத்துடன் கூடிய கடுங்காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, காற்றும் மலமும் அறவே நின்றுபோதல், மயக்கம், மலத்துடன் மிகுதியாக இரத்தம் போதல் ஆகியவையே அவை. உடனே 108 ஐ அழையுங்கள். சிறுநீருடன் காற்றுக் குமிழிகள் வெளிவந்தால், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வழி ஏற்பட்டுவிட்டது என்று பொருள். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். வலியே இல்லாமல் மலத்துடன் இரத்தம் போவதும் இப்பைகளால் நேரக்கூடும். அதை மூலம் என்று கருதி, விளம்பரம் பார்த்து மருந்து வாங்குவோர் பலர். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகே மூலம் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

வலி வந்த அன்று நம் வீடுகளில் நடப்பதை நீங்களும் அறிவீர்கள். முதலில் சோடா. பிறகு ஓமத் தண்ணீர். அடுத்து, "வயிறு சுத்தமானால் சரியாகிவிடும்" என்று விளக்கெண்ணெய் அல்லது பேதி மாத்திரை; சிலர் எனிமாவும் கொடுக்கிறார்கள். ஓமத் தண்ணீரால் கேடு ஒன்றும் விளையாது. ஆனால் புண்ணாகி மெலிந்திருக்கும் குடற்சுவரை முறுக்கிப் பிழியும் பேதி மருந்தும், உள்ளே அழுத்தம் ஏற்றும் எனிமாவும் மருத்துவர் பார்க்குமுன் கொடுக்கத் தக்கவை அல்ல.

அதைவிடப் பெரிய ஆபத்து வலிமாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கடைகளில் சீட்டின்றியே கிடைக்கின்றன. அவை இந்நோய் வருவதற்கான வாய்ப்பையும், பை கிழிந்து துளை விழுவதற்கான வாய்ப்பையும், இரத்தப் போக்கையும் மிகுவிக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூட்டுவலிக்காக இவற்றை அன்றாடம் விழுங்கும் பெரியோர்கள் தங்கள் மருத்துவரிடம் வேறு வழி கேட்க வேண்டும். இதய நோய்க்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் இவ்வுரையைக் கேட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கண்டறியும் முறை

மருத்துவர் முதலில் கேட்பார். பிறகு வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்ப்பார். அடுத்து இரத்தப் பரிசோதனை: வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரும் சோதிக்கப்படும். பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுக்குக் கருவுற்றிருக்கிறார்களா என்ற சோதனையும் செய்யப்படும். அதைக் கண்டு குடும்பத்தார் முகம் சுளிக்கக் கூடாது. கதிர்வீச்சுள்ள ஸ்கேன் எடுக்குமுன் அதை அறிந்துகொள்வது மருத்துவரின் கடமை.

இவ்வளவும் செய்த பிறகும் கையால் தொட்டுச் சொல்லும் முடிவு பலமுறை தவறிப்போகிறது. ஐயத்தைத் தீர்த்துவைப்பது சி.டி. ஸ்கேன்தான். குடற்சுவர் தடித்திருப்பதையும், பைகளையும், அருகே சீழ்க்கட்டி இருப்பதையும், துளை விழுந்து காற்று வெளியேறியிருப்பதையும் அது காட்டிவிடும். நோய் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தடவைகளில் அது பிடித்துவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. தேர்ந்த கைகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் உதவும். கருவுற்ற பெண்களுக்கு அதுவே முதலில் செய்யப்படும்.

ஸ்கேன் எடுக்கச் செல்வோர் இரண்டு செய்திகளைக் கூற மறக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டால் அதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். படம் தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதே இதற்குக் காரணம்.

குழாய் விட்டுக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபியை உடனே செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குடல் புண்ணாகியிருக்கும் நேரத்தில் அதைச் செய்தால் மெலிந்த சுவர் கிழிந்துவிடும் அச்சம் உண்டு. எனவே நோய் தணிந்து ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே வழக்கமாக அதைச் செய்கிறார்கள். இதைப் பற்றி முடிவில் மீண்டும் கூறுவேன்.

நோயின் படிகளும் மருத்துவமும்

கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஹிஞ்சி என்ற அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1978 இல் முற்றிய நோயை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். குடலை ஒட்டிய சிறு சீழ்க்கட்டி முதற்படி. இடுப்புக்குழி வரை செல்லும் பெரிய கட்டி இரண்டாவது. சீழ் வயிறெங்கும் பரவுவது மூன்றாவது. மலமே வயிற்றறைக்குள் கொட்டிவிடுவது நான்காவது. முதற்படிக்கும் நான்காம் படிக்கும் இடையே உள்ள தூரம் பல நேரங்களில் நாம் வீட்டில் வீணாக்கிய நாட்களே.

நற்செய்தி யாதெனில், நோயாளிகளில் பெரும்பாலோர் இந்நான்கு படிகளில் எதையும் தொடுவதில்லை. சீழ்க்கட்டியோ துளையோ இல்லாத எளிய நிலையில், ஓய்வும், சில நாட்கள் நீராகாரமும், மருத்துவரின் கண்காணிப்புமே போதுமானவை. ஆன்டிபயாடிக் கூட எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், இந்த எளிய நிலையில் அம்மருந்தைப் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குணமடைவதில் வேறுபாடு காணப்படவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக மருந்தை மறுத்துவிட வேண்டாம். எது எளிய நிலை என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் கூற முடியும். நான் சொல்ல வந்தது, மருந்துக்கடையில் இரண்டு நாள் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது எவ்வகையிலும் மருத்துவம் ஆகாது என்பதையே.

கட்டி பெரிதாக இருந்தால் ஸ்கேன் துணையுடன் ஊசிக்குழாய் செலுத்திச் சீழை வடித்துவிடுகிறார்கள். துளை விழுந்து வயிறெங்கும் பரவிவிட்டால் அறுவை தவிர வேறு வழியில்லை. நோயுற்ற குடற்பகுதியை அகற்றி, மேல்முனையை வயிற்றின் தோலுக்கு வெளியே திறந்துவிட்டு, அதில் ஒரு பையைப் பொருத்துகிறார்கள். 1921 இல் ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு மருத்துவர் குடற்புற்றுக்காக வகுத்த முறை இது. சில மாதங்கள் கழித்துக் குடலை மீண்டும் இணைப்பதுண்டு. உடல் இடம் தராதோருக்குப் பை நிலைத்துவிடுவதும் உண்டு.

இந்தப் பையைப் பற்றி ஓர் இமாம் என்ற முறையில் நான் பேசியே ஆக வேண்டும். குடலறுவைக்குப் பிறகு இப்படிப் பை பொருத்தப்பட்டவர்கள் மனிதர்களை விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். முன்வரிசையில் நின்றவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவார். "உளூ நிற்காதே, எனக்கு ஏது தொழுகை" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். தம் கட்டுப்பாட்டில் இல்லாமல் வெளியேறும் ஒன்றைக் கொண்டு ஒருவருடைய தொழுகை வீணாகாது. சிறுநீர் சொட்டிக்கொண்டேயிருக்கும் நோயுடையவருக்கு ஃபிக்ஹு நூல்களில் கூறப்பட்டுள்ள சலுகையே இவருக்கும் உரியது. தொழுகை நேரம் வந்த பிறகு உளூச் செய்துகொண்டு தொழ வேண்டியதுதான். ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே உள்ள நுணுக்க வேறுபாடுகளைத் தனியே வந்து கேட்டால் அவரவருக்கு விளக்கிச் சொல்வேன். இன்றைய பைகள் கசியாமலும் வாடை வீசாமலும் தோலோடு ஒட்டிக்கொள்பவை. அத்தகைய சகோதரர் நம் வரிசையில் வந்து நின்றால், அவருடைய சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்வையைச் செலுத்தாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்பது நம் பொறுப்பு.

வருமுன் காத்தல்

இனி, இந்நோய் வராமல் தடுப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல்லாண்டுகள் பணியாற்றினார். இங்கிலாந்தில் அன்றாடம் காணப்படும் இந்தக் குடற்பைகள் ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களிடம் அரிதாக இருப்பதைக் கண்டு வியந்தார். அவரும் நீல் பெயின்டர் என்ற மருத்துவரும் சேர்ந்து 1971 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேலை நாட்டார் தானியத்தைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்கி, நார்ச்சத்தை எறிந்துவிட்டு உண்பதே இதற்கு வேர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பிற்கால ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தியிருக்கின்றன. பை தோன்றுவதற்கு வயதும் பரம்பரையும் பெரிதும் காரணமாகின்றன என்று இப்போது தெரிகிறது. நார்ச்சத்தை மட்டும் கொண்டு பை தோன்றுவதையே தடுத்துவிடலாம் என்பதற்குச் சான்று உறுதியாக இல்லை. ஆனால் அந்தப் பை நோயாக மாறாமல் காப்பதில் நார்ச்சத்தின் பங்கு நிலைத்து நிற்கிறது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 47,033 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், சைவ உணவு உண்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. நம்மைச் சைவத்துக்கு மாறச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நம் தட்டில் காய்கறி எங்கே என்று கேட்பதற்காகக் கூறுகிறேன்.

நமது திருமண விருந்துகளை எண்ணிப் பாருங்கள். பிரியாணி, தால்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, இனிப்பு. அந்தக் கத்தரிக்காயையும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுக் கறித்துண்டைத் தேடுவோர் நம்மில் எத்தனை பேர்! இரவானால் பரோட்டா. அது மைதா; அதில் நார்ச்சத்து நூறு கிராமுக்கு மூன்று கிராமைக் கூட எட்டுவதில்லை. தீட்டிய வெள்ளரிசியின் நிலையும் அதுவே. கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழப் பதினொரு கிராம் இருக்கிறது. முழுப் பச்சைப்பயறில் பதினேழு கிராம். முழுக் கொண்டைக்கடலையில் இருபத்தைந்து கிராம். கொய்யாப் பழத்தில் எட்டு கிராமுக்கு மேல். வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை தேவை. காலையில் கேழ்வரகுக் கூழோ கோதுமைத் தோசையோ, மதியம் இரண்டு காய், ஒரு கீரை, மாலையில் அவித்த சுண்டல், இரவில் ஒரு கொய்யா என்று அமைத்துக்கொண்டால் அந்த அளவை எட்டிவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்துக்கு வாங்கும் பரோட்டாப் பொட்டலத்தைவிடக் குறைவு.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரும் உடன் கூட வேண்டும். இல்லையேல் சக்கை மேலும் இறுகும். சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டுத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவைக் கடக்கக் கூடாது. நோய் கிளம்பி வலிக்கும் நாட்களில் மட்டும் நார் உணவு வேண்டாம். அப்போது வடிகஞ்சி, இளநீர், தெளிந்த ரசம் ஆகியவையே உகந்தவை. குணமான பிறகு படிப்படியாகப் பழைய உணவுக்குத் திரும்பலாம்.

விதையுள்ள பழம், கடலை, சோளப்பொரி ஆகியவை பைக்குள் சென்று சிக்கிக்கொள்ளும் என்று நெடுங்காலம் தடுத்து வந்தார்கள். அமெரிக்காவில் 47,228 ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2008 இல் வெளியாயிற்று. கடலை, பருப்பு வகைகளையும் சோளப்பொரியையும் உண்டோருக்கு நோய் கூடவில்லை, குறைந்தே இருந்தது. ஆகவே கொய்யா விதைக்கும் வேர்க்கடலைக்கும் அஞ்ச வேண்டாம். இப்பழைய தடை இன்றும் சில இடங்களில் சொல்லப்படுகிறது. அதைக் கேட்டு நல்ல உணவை இழந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமே மிகுகிறது.

அதே ஆண்களைப் பற்றிய பிற்கால ஆய்வில், ஆடு மாட்டிறைச்சியை மிகுதியாக உண்டோருக்கு நோய் மிகுதியாக வந்தது தெரிந்தது. நாள்தோறும் உண்ணும் அவ்விறைச்சியில் ஒரு பங்குக்குப் பதிலாக மீனோ கோழியோ உண்டால் நோய் வாய்ப்பு 20 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டார்கள். கடலோரத்து மக்களுக்கு இது எளிது. உடற்பருமன், புகைத்தல், உட்கார்ந்தே இருத்தல் ஆகியவையும் நோயை அழைத்து வருபவை. இவற்றைத் தவிர்த்து, நார்ச்சத்தைக் கூட்டி, ஆடு மாட்டிறைச்சியைக் குறைத்து வாழ்ந்தால் இந்நோயில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்துவிடலாம் என்று 2017 இல் கணக்கிட்டிருக்கிறார்கள். கடைவீதியில் வேலை செய்யும் நம் இளைஞர்கள், வளைகுடா நாடுகளில் இரவு பகல் பாராது உழைக்கும் நம் பிள்ளைகள் ஆகியோரிடம் இதைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மலம் வரும் உணர்வை வேலைக்காக அடக்கிவைக்கும் பழக்கம் மலச்சிக்கலுக்கு வழி வகுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரமலான் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் தண்ணீரின்றி இருந்து, இரவில் பொரித்ததை மட்டும் உண்டால் மலம் இறுகுவது இயல்பே. நோன்புக் கஞ்சியில் பயறும் வெந்தயமும் தாராளமாகச் சேருங்கள். வடை, சமோசாவைக் குறையுங்கள். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே தண்ணீரைப் பிரித்துப் பிரித்து அருந்துங்கள். அண்மையில் இந்நோயால் படுத்து எழுந்தவர் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அனுமதி இருக்கிறது. அந்த அனுமதியை ஏற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நிறைவாக, முன்னர் கூறிய கொலனோஸ்கோபி. ஒருமுறை இந்நோய் வந்து தணிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்குள் அது மீண்டும் வருகிறது. அதைவிட முக்கியமான செய்தி, பெருங்குடற் புற்றும் சில வேளைகளில் ஸ்கேனில் இதே தோற்றத்துடன் தென்படும் என்பது. ஆகவேதான், அண்மையில் அச்சோதனை செய்யாதவர்களை, ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து வருமாறு மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். வலி நின்றுவிட்டால் அந்தச் சீட்டு அலமாரித் துணிகளுக்கு அடியில் போய்விடுகிறது. இங்கே அமர்ந்திருப்போரில் யாருடைய வீட்டிலேனும் அத்தகைய சீட்டு இருந்தால், இன்றிரவே எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தாலும் மருத்துவரிடம் செல்லலாம். தனியே செல்லத் தயங்குவோர் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள்; உடன் வருவதற்கு ஆள் ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள்.